விண்டோஸ் லேப்டாப்பில் ஓப்பன்ஃபோம்: நிறுவுவதிலிருந்து 'ஃபோம் ஃபேட்டல் எரர்' வரை

ஓப்பன்ஃபோம் என்பது திரவமும் காற்றும் எப்படி ஓடும் என்று கணக்கிடும் மென்பொருள். ஃபைனல் இயர் புராஜெக்ட் சீசன் வந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "அண்ணா, ஓப்பன்ஃபோம் இன்ஸ்டால் ஆயிடுச்சு, ஆனா ஓட மாட்டேங்குது." என்ன எரர் வருகிறது என்று கேட்டால், "ஏதோ நீளமா வருது அண்ணா, படிக்கல" என்பார்கள். அந்த நீளத்துக்குள்தான் பதில் இருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் நிறுவும் பகுதியைச் சீக்கிரம் முடித்துவிட்டு, ஓடாதபோது என்ன செய்வது என்பதில்தான் அதிக நேரம் செலவிடப் போகிறேன்.

கட்டளைகளை இங்கே தமிழ் ஒலிப்பில் எழுதுகிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும், பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினால் ஓடாது. பிளாக்மெஷ் என்பதில் எம் மட்டும் பெரிய எழுத்து, ஐகோஃபோம் என்பதில் எஃப் மட்டும். பொதுவாக இரண்டாவது சொல் தொடங்கும் இடத்தில்தான் பெரிய எழுத்து வரும்.

எந்த ஓப்பன்ஃபோம்?

இதை முடிவு செய்யாமல் எதையும் டவுன்லோட் செய்யாதீர்கள். ஓப்பன்ஃபோம் என்ற பெயரில் இரண்டு தனித்தனி வெளியீடுகள் இருக்கின்றன. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1980களின் இறுதியில் ஹென்றி வெல்லர் எழுதத் தொடங்கிய நிரல் இது. 2004 டிசம்பரில் திறமூலமாக வெளிவந்தது. 2011இல் ஓப்பன்சிஎஃப்டி நிறுவனத்தை எஸ்ஜிஐ வாங்கியது, அடுத்த ஆண்டு அது இஎஸ்ஐ குழுமத்தின் கைக்குப் போனது. காலப்போக்கில் நிரல் இரண்டு கிளையாகப் பிரிந்துவிட்டது. டாட் காம் தளத்தில் இருப்பது ஓப்பன்சிஎஃப்டி வெளியிடுவது. டாட் ஆர்க் தளத்தில் இருப்பது ஓப்பன்ஃபோம் ஃபவுண்டேஷன் வெளியிடுவது. குரோஷியப் பேராசிரியர் ஹ்ர்வோயே யாசக் பக்கத்திலிருந்து வரும் ஃபோம் எக்ஸ்டெண்ட் என்ற மூன்றாவது கிளையும் உண்டு. புதியவர்களுக்கு அது இப்போது வேண்டாம்.

எண்ணைப் பார்த்தாலே எந்தக் கிளை என்று தெரிந்துவிடும். 2406, 2412 என்று நான்கு இலக்கம் இருந்தால் டாட் காம்; 2024 ஜூன், 2024 டிசம்பர் என்று பொருள். 10, 11, 12 என்று வந்தால் டாட் ஆர்க். அதில் 11இல் ஒரு பெரிய மாற்றம் வந்தது. சிம்பிள்ஃபோம், பைசோஃபோம் போன்ற பல சால்வர்களின் (கணக்கைத் தீர்க்கும் நிரல்களின்) வேலையை ஃபோம்ரன் என்ற ஒரே கட்டளை எடுத்துக்கொண்டது. கோப்புகளின் பெயர்கூட மாறிவிட்டது. டாட் காமில் டிரான்ஸ்போர்ட்பிராப்பர்ட்டீஸ் என்று இருக்கும் கோப்பு, டாட் ஆர்க்கின் புதிய பதிப்புகளில் ஃபிசிக்கல்பிராப்பர்ட்டீஸ். டர்புலன்ஸ்பிராப்பர்ட்டீஸ் அங்கே மொமென்டம்டிரான்ஸ்போர்ட் ஆகிவிட்டது.

யூடியூபில் பார்த்த பாடம் ஒரு கிளை, லேப்டாப்பில் இருப்பது இன்னொரு கிளை. என்னிடம் வரும் 'ஓட மாட்டேங்குது'களில் பெரும்பகுதி இதுதான். ஒருவர் கொடுத்த கேஸ் ஃபோல்டர் (ஒரு கணக்குக்கான கோப்புகள் எல்லாம் இருக்கும் ஃபோல்டர்) எந்தக் கிளை என்று தெரியவில்லையா? அதில் உள்ள எந்தக் கோப்பையாவது திறந்து மேலே இருக்கும் தலைப்புப் பெட்டியைப் பாருங்கள். வெப் அல்லது வெப்சைட் என்ற இடத்தில் டாட் காமா டாட் ஆர்க்கா என்று அதிலேயே எழுதியிருக்கும், பதிப்பு எண்ணும் இருக்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? உங்கள் கைடோ, சீனியரோ, ஆய்வகமோ எதைப் பயன்படுத்துகிறார்களோ அதையே போடுங்கள். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் வேண்டுமே. யாருமே இல்லை என்றால் நான் டாட் காமைச் சொல்வேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பழைய பாடங்களில் வரும் சால்வர் பெயர்கள் அதில் இன்னும் அப்படியே இருக்கின்றன. கீழே சொல்வது டாட் காம் 2412ஐ வைத்து.

விண்டோஸுக்குள் லினக்ஸ்

ஓப்பன்ஃபோம் லினக்ஸ் மென்பொருள். விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி) வழியாக ஓட்டுவதுதான் இன்று தலைவலி குறைந்த வழி. விண்டோஸ் 11 அல்லது விண்டோஸ் 10இன் 2004 பதிப்புக்கு மேல் இருந்தால் போதும். பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, டபிள்யூஎஸ்எல் என்று அடித்து, ஒரு இடம் விட்டு, இரண்டு ஹைஃபனும் இன்ஸ்டாலும். அவ்வளவுதான். ரீஸ்டார்ட் செய்ததும் உபுண்டு என்ற லினக்ஸ் வந்து பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் புள்ளிகூட வராது. கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், அது அப்படித்தான். அடித்து எண்டர் தட்டுங்கள்.

இங்கே வரும் ஒரே பெரிய தடங்கல், 80370102 என்று முடியும் பிழை எண். விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு பக்கம் போனால் விர்ச்சுவலைசேஷன் எனேபிள்டா டிஸேபிள்டா என்று தெரியும். டிஸேபிள்ட் என்றால் லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து பயாஸுக்குள் போய் அதை இயக்குங்கள். இன்டெல்லில் விடி எக்ஸ் என்றும், ஏஎம்டியில் எஸ்விஎம் என்றும் இருக்கும்.

நினைவகம் பற்றி ஒரு வார்த்தை. டபிள்யூஎஸ்எல் வழக்கமாக உங்கள் ரேமில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி லேப்டாப்பில் லினக்ஸுக்குக் கிடைப்பது 4 ஜிபி. பெரிய மெஷ் (இடத்தைச் சின்னச் சின்ன செல்களாகப் பிரிக்கும் வலை) செய்யும்போது எந்த எரரும் இல்லாமல் 'கில்ட்' என்று ஒரே சொல் வந்து நின்றால், ரேம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். விண்டோஸில் உங்கள் யூசர் ஃபோல்டரில் புள்ளியோடு தொடங்கும் டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக் என்ற கோப்பை உருவாக்கி மெமரி அளவைக் கூட்டலாம். நோட்பேடில் சேமிக்கும்போது பின்னால் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பவர்ஷெல்லில் டபிள்யூஎஸ்எல் ஷட்டவுன் கொடுத்துவிட்டு மறுபடி திறந்தால்தான் புது அளவு வரும். ஆனால் 8 ஜிபியில் 7 ஜிபியை அதற்குக் கொடுத்தால் விண்டோஸ் திணறும். ஓரளவுக்குத்தான் இழுக்க முடியும்.

நிறுவுதல்

முதலில் உபுண்டு டெர்மினலில் சூடோ ஏப்ட் அப்டேட். அப்புறம் டாட் காம் தளத்தின் நிறுவல் பக்கத்தில் டெபியன், உபுண்டுவுக்கென்று ஒரு வரி இருக்கும். அவர்களின் தொகுப்புக் கிடங்கை உங்கள் கணினியில் சேர்க்கும் வரி அது. கையால் அடிக்க வேண்டாம், நகலெடுத்து டெர்மினலில் ரைட் கிளிக் செய்தால் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பின் சூடோ ஏப்ட் இன்ஸ்டால் கொடுத்து, தொகுப்பின் பெயராக ஓப்பன்ஃபோம்2412 ஹைஃபன் டிஃபால்ட். பெயரின் கடைசியில் டிஃபால்ட் இருப்பது முக்கியம். அதில்தான் டுடோரியல் கேஸ்களும் சேர்ந்து வரும்.

'தொகுப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று வந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். கிடங்கைச் சேர்த்தபின் அப்டேட் ஓடாமல் இருந்திருக்கும்; அல்லது உங்கள் உபுண்டு மிகப் பழையதாகவோ எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு) அல்லாததாகவோ இருக்கும். 22.04 அல்லது 24.04 இருந்தால் கவலையில்லை. 'லாக்கைப் பெற முடியவில்லை' என்று டிபிகேஜி (உபுண்டுவின் தொகுப்பு நிறுவி) புலம்பினால் பின்னணியில் வேறொரு அப்டேட் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். இணையத்தில் சொல்கிறார்கள் என்று அந்த லாக் கோப்பை அழிக்காதீர்கள்.

கல்லூரி வைஃபையில், அல்லது விபிஎன் போட்டிருக்கும்போது, தளத்தின் பெயரையே தீர்க்க முடியவில்லை என்று வருவதுண்டு. பாதி நேரத்தை அதில் வீணாக்குவதைவிட, போனின் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறிவிடுவது நல்லது.

நிறுவி முடித்ததும் எல்லோரும் செய்யும் தவறு, நேராக ஐகோஃபோம் என்று அடிப்பது. 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' வரும். நிறுவல் தோற்றுவிடவில்லை. ஓப்பன்ஃபோமின் சூழல் இன்னும் ஏற்றப்படவில்லை, அவ்வளவுதான். ஓப்பன்ஃபோம்2412 என்று அடித்து எண்டர் தட்டினால் அந்தச் சூழலோடு ஒரு ஷெல் திறக்கும், அதில் எல்லாக் கட்டளையும் வேலை செய்யும். ஒவ்வொரு முறையும் அடிக்கச் சோம்பலாக இருந்தால் டெர்மினல் திறக்கும்போது தானாக ஓடும் பாஷ்ஆர்சி கோப்பில், அந்தச் சூழலை ஏற்றும் சோர்ஸ் வரியைச் சேர்க்கலாம். ஆனால் இரண்டு கிளையையும் வைத்திருப்பவர்கள் இரண்டு வரியையும் அங்கே போடக் கூடாது. இரண்டும் கலந்தால் எந்த சால்வர் எந்த நூலகத்தைக் கூப்பிடுகிறது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அனகோண்டா வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். உபுண்டு டெர்மினலில் உங்கள் பெயருக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் பேஸ் என்று தெரிகிறதா? கோண்டா டீஆக்டிவேட் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கோண்டா தன் சொந்த எம்பிஐயை (பல கோர்களில் ஓட்டும்போது அவற்றை இணைக்கும் நூலகம்) கொண்டுவந்து குறுக்கே நிற்கக்கூடும்.

முதல் ஓட்டம்: கேவிட்டி

உங்கள் புராஜெக்டை இப்போதே தொடாதீர்கள். டுடோரியல் ஃபோல்டரில் இன்கம்ப்ரெஸிபிள், அதற்குள் ஐகோஃபோம், அதற்குள் கேவிட்டி, அதற்குள் மறுபடி ஒரு கேவிட்டி. உள்ளே இருக்கும் அந்தக் கேவிட்டியை உங்கள் ஹோம் ஃபோல்டருக்கு நகலெடுங்கள். ஹோம் என்றால் லினக்ஸின் ஹோம். சி டிரைவ் டெஸ்க்டாப்பில் வைக்காதீர்கள். லினக்ஸிலிருந்து சி டிரைவைத் தொடும் ஒவ்வொரு முறையும் வேகம் அடிபடும். ஓப்பன்ஃபோம் சின்னச் சின்னக் கோப்புகளாக எழுதித் தள்ளும் பேர்வழி, அதனால் அந்த அடி நன்றாகவே தெரியும்.

கேவிட்டி என்பது 0.1 மீட்டர் பக்கமுள்ள சதுரப் பெட்டி. மேல்மூடி மட்டும் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் நகர்கிறது, உள்ளே திரவம் சுழல்கிறது. பிளாக்மெஷ் அடித்தால் 20க்கு 20 என்று 400 செல்கள். ஐகோஃபோம் அடித்தால் 0.005 வினாடி இடைவெளியில் 0.5 வினாடி வரை நூறு படிகள், கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். 0.1, 0.2 என்று ஐந்து புது ஃபோல்டர்கள் வந்திருந்தால் உங்கள் நிறுவல் சரி. இனி எந்த எரர் வந்தாலும் குற்றம் கேஸில், மென்பொருளில் இல்லை. பாதிப் பேர் இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் மூன்று முறை அழித்து அழித்து நிறுவுகிறார்கள்.

இதே கேஸில் கூரான்ட் எண்ணையும் புரிந்துகொள்ளுங்கள், பின்னால் உதவும். ஒரு செல்லின் நீளம் 0.1 வகுத்தல் 20, அதாவது 0.005 மீட்டர். வேகம் 1, காலப்படி 0.005. வேகத்தைக் காலப்படியால் பெருக்கி செல் நீளத்தால் வகுத்தால் சரியாக 1. திரவம் ஒரு படியில் ஒரு செல்லைத்தான் கடக்கிறது. லாகில் அதிகபட்சம் சுமார் 0.85 என்று காட்டும், ஏனென்றால் மூடிக்குக் கீழே உள்ள திரவம் மூடியைவிட மெதுவாகத்தான் போகும். இப்போது மெஷ்ஷை 40க்கு 40 ஆக்கினால் செல் நீளம் பாதியாகும், எண் இரட்டிப்பாகும். அப்போது காலப்படியையும் 0.0025 ஆக்க வேண்டும். மெஷ்ஷை மட்டும் நுணுக்கிவிட்டு காலப்படியை மறப்பது, எண்ணெய் காயும் முன்பே வடை போடுகிற மாதிரி.

எரரைப் படிக்கும் முறை

எப்போதும் வெளியீட்டை ஒரு லாக் கோப்புக்கு அனுப்பி ஓட்டுங்கள். பிறகு 'ஃபோம் ஃபேட்டல்' என்ற சொல்லைத் தேடுங்கள். அதை அடுத்து வரும் ஓரிரு வரியில் என்ன பிரச்சினை என்று இருக்கும், அடுத்து எந்தக் கோப்பு, எந்த வரி என்று இருக்கும். மிச்சம் பெரும்பாலும் நிரல் எழுதுபவர்களுக்கு.

கடைசி வரியை நம்பிக் கெட்டவன் நான். எல்லைப் பகுதிக்குக் கோப்பில் மதிப்புக் கொடுக்காவிட்டால், 'பேட்ச்ஃபீல்ட் என்ட்ரியைக் காணவில்லை' என்று பகுதியின் பெயரோடு வரும். அதன் வாலில் 'ஸ்ப்ளிட் சைக்ளிக்' என்று ஏதோ மேம்படுத்தச் சொல்லி ஒரு யோசனையும் சேர்ந்து வரும். என் முதல் கேஸில் நான் அந்த வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு முழு நாள் சைக்ளிக் எல்லைகளைப் படித்தேன். என் கேஸில் சைக்ளிக்கே கிடையாது. மெஷ்ஷில் இன்லெட் என்று சின்ன எழுத்தில் வைத்துவிட்டு அழுத்தக் கோப்பில் பெரிய ஐ போட்டிருந்தேன். இன்றுவரை இதே எரரோடு ஆட்கள் வருகிறார்கள், வாலைப் பற்றியேதான் கேட்கிறார்கள்.

அரைப்புள்ளி விட்டால் எரர் காட்டும் இடம் தள்ளிப் போகும். நேர அமைப்புகள் இருக்கும் கன்ட்ரோல்டிக்ட் கோப்பில் எண்ட்டைம் வரியின் கடைசியில் அரைப்புள்ளியை அழித்துப் பாருங்கள். அடுத்த வரியான டெல்டாடீ அதோடு ஒட்டிக்கொள்ளும். பதிப்பைப் பொறுத்து 'டெல்டாடீ இல்லை' என்றோ, 'எண்ட்டைமில் மிச்சச் சொற்கள் இருக்கின்றன' என்றோ வரும். டெல்டாடீ உங்கள் கண் முன்னால்தான் இருக்கும். அதனால் இல்லை என்று சொல்லும் வரிக்கு ஒரு வரி மேலேயும் பாருங்கள்.

கேஸ் கோப்புகள் விண்டோஸ் பாணி வரி முடிவோடு சேமிக்கப்பட்டிருந்தால், ஆல்ரன் (கேஸின் கட்டளைகளை வரிசையாக ஓட்டுவது) போன்ற ஸ்கிரிப்டுகள் வரி முடிவுக் குறியால் தடுக்கி விழும். எரரில் பின்சாய்வுக்கோடும் ஆர் எழுத்தும் தெரிந்தால் அதுதான். டாஸ்2யூனிக்ஸ் என்ற சின்னக் கருவியால் கோப்பை மாற்றினால் தீர்ந்தது.

இன்னொரு வித்தை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு இடத்தில் என்ன சொல் போடலாம் என்று தெரியவில்லையா? வாழைப்பழம் என்று ஆங்கிலத்தில் எழுதி ஓட்டுங்கள். விளையாட்டில்லை. அப்படி ஒன்று தெரியாது என்று ஓப்பன்ஃபோம் நின்று, செல்லுபடியாகும் எல்லாப் பெயர்களையும் பட்டியல் போட்டுக் காட்டும். ஓப்பன்ஃபோம்காரர்களிடையே பழைய வழக்கம் இது. கையேட்டில் தேடுவதைவிட வேகம், அதோடு உங்கள் பதிப்பில் உண்மையில் இருப்பது மட்டுமே வரும்.

கணக்கு வெடித்தால்

எரரின் சுவடுகளில் சிக்எஃப்பிஇ என்ற சொல் தெரிந்தால், எங்கோ சுழியால் வகுத்திருக்கிறது அல்லது எண் எல்லை மீறிவிட்டது. நிறுவலைச் சந்தேகிக்காதீர்கள். முதல் படியிலேயே விழுந்தால் தொடக்க மதிப்புகளைப் பாருங்கள். கே ஒமேகா என்ற கொந்தளிப்பு மாதிரியில் ஒமேகாவைச் சுழியாக விட்டிருப்பீர்கள். கே மதிப்புக்கு ஒரு தோராயம்: வேகத்தையும் கொந்தளிப்பு விகிதத்தையும் பெருக்கி, வர்க்கப்படுத்தி, 1.5ஆல் பெருக்குங்கள். வினாடிக்கு 10 மீட்டர், 5 சதவீதம் என்றால் 0.375.

ஐம்பது படி ஓடி விழுந்தால் லாகைப் பின்னோக்கி நகர்த்தி கூரான்ட் எண்ணைப் பாருங்கள். 0.9, 1.4, 6, 300 என்று ஏறியிருந்தால் காலப்படியைக் குறையுங்கள். குறைத்தும் அதே இடத்தில் விழுகிறதா, குற்றம் மெஷ்ஷில்.

மெஷ்ஷைச் சோதிக்க செக்மெஷ் கட்டளை. கடைசியில் 'மெஷ் ஓகே' வந்ததும் மூடிவிடாமல், மேலே 'பவுண்டிங் பாக்ஸ்' வரியையும் படியுங்கள். கேவிட்டியில் அது 0.1, 0.1, 0.01 என்று முடியும். கேட் (சிஏடி) மென்பொருளில் மில்லிமீட்டரில் வரைந்த பைப்பை அப்படியே எஸ்டிஎல் வடிவக் கோப்பாகக் கொண்டுவந்தால் 50 மில்லிமீட்டர் பைப் இங்கே 50 மீட்டர் சுரங்கமாகிவிடும். ஓப்பன்ஃபோமுக்கு எல்லாம் மீட்டர்தான். மெஷ் ஓகே என்றுதான் சொல்லும், ரெனால்ட்ஸ் எண் மட்டும் ஆயிரம் மடங்கு தப்பாக இருக்கும். டிரான்ஸ்ஃபார்ம்பாயின்ட்ஸ் கட்டளையால் 0.001 மடங்கு சுருக்குங்கள். அந்தக் கட்டளையை எழுதும் விதமும் இரண்டு கிளையில் வேறு வேறு, பழைய கதைதான். நான்-ஆர்த்தோகனாலிட்டி 70 டிகிரியைத் தாண்டியது, ஸ்க்யூனெஸ் 4ஐத் தாண்டியது என்று எச்சரித்தால், அந்த செல்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து மெஷ்ஷைச் சரிசெய்யுங்கள்.

விடை தப்பாக வருகிறது, எரர் ஒன்றும் இல்லை என்பவர்களுக்கு ஒன்று. ஐகோஃபோம், சிம்பிள்ஃபோம் போன்றவற்றில் வரும் அழுத்தம் பாஸ்கலில் இல்லை, அடர்த்தியால் வகுக்கப்பட்ட அழுத்தம். தண்ணீர் என்றால் 1000ஆல் பெருக்கிவிட்டுத்தான் வைவாவில் காட்ட வேண்டும்.

பல கோர்களில் ஓட்டுதல்

டீகம்போஸ்பார் கேஸைத் துண்டாக்கும், எம்பிஐரன் ஓட்டும், ரீகன்ஸ்ட்ரக்ட்பார் ஒட்டும். துண்டின் எண்ணிக்கையும் எம்பிஐரன்னில் கொடுக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வரியின் கடைசியில் ஹைஃபன் பேரலல் போட மறந்தால் வேடிக்கை. எரர் வராது. நான்கு கோரும் ஆளுக்கொரு முழுக் கேஸை ஓட்டும். லாகில் ஒவ்வொரு வரியும் நான்கு முறை வந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

'போதிய ஸ்லாட் இல்லை' என்றால் நீங்கள் கேட்டது உண்மையான கோர்களைவிட அதிகம். 4 கோர், 8 த்ரெட் லேப்டாப்பில் 4 மட்டும் கேளுங்கள். வற்புறுத்தி 8 ஓட்ட வழி உண்டு, ஆனால் இந்தக் கணக்குகள் நினைவக வேகத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன. ஃபேன் சத்தம்தான் கூடும்.

படம் பார்ப்பதும் இடம் சேமிப்பதும்

முடிவுகளைப் படமாகக் காட்டும் பாராவியூவை விண்டோஸிலேயே நிறுவுங்கள், கிராபிக்ஸ் தொல்லை குறைவு. கேஸ் ஃபோல்டரில் டாட் ஃபோம் என்று முடியும் ஒரு காலிக் கோப்பை டச் கட்டளையால் உருவாக்கி, ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் இடப்பக்கம் தெரியும் லினக்ஸ் வழியாகப் போய் அதைத் திறங்கள். பல கோரில் ஓட்டி இன்னும் ஒட்டவில்லை என்றால், கேஸ் டைப் என்ற இடத்தில் டீகம்போஸ்ட் என்று மாற்றினால் போதும்.

சி டிரைவ் சிவப்பாவதை எல்லோரும் ஒருநாள் பார்ப்பீர்கள். லினக்ஸின் மெய்நிகர் வட்டு தேவைக்கேற்ப வளரும், ஆனால் உள்ளே கோப்புகளை அழித்தாலும் தானாகச் சுருங்காது. அதனால் வளரவே விடாதீர்கள். கன்ட்ரோல்டிக்ட்டில் பர்ஜ்ரைட் 5 என்று வைத்தால் கடைசி ஐந்து நேரங்களை மட்டும் வைத்துக்கொண்டு பழையதை அதுவே அழித்துவிடும். அனிமேஷன் வேண்டுமென்றால் மட்டும் சுழியாக விடுங்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கிய அன்றே பவர்ஷெல்லில் டபிள்யூஎஸ்எல் எக்ஸ்போர்ட் கொடுத்து முழு உபுண்டுவையும் ஒரு டார் கோப்பாக வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். ரிவியூவுக்கு முந்தின நாள் லேப்டாப் படுத்துவிட்டால், நண்பரின் லேப்டாப்பில் இம்போர்ட் செய்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.